குனிந்தபடியே பவானிக்கு

மெர்சி டீச்சர் போன ஊரிலெல்லாம் யாராவது வாசலில் நின்று, "இப்பத்தான் வாரீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எதற்குப் போனாலும் அது ஒரு சொந்தக்காரர் வீடுதான். கேட்க ஆளில்லாத ஓர் ஊரை அவள் மிதித்ததே கிடையாது.

கோயம்புத்தூர் சுங்கத்துப் பள்ளியில் வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் இரண்டு கோடுகள் இழுப்பாள். ஒன்று பவானி, ஒன்று காவிரி. அவை சேருகிற கூடுதுறைக்கு வந்ததும் சாக்பீஸ் சற்றே நிற்கும். ஒருநாள் அங்கே போய், யாருக்கும் யாருமில்லாதவளாகச் சற்று நேரம் நிற்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

தொண்ணூற்று நாலில் அவள் புருஷன் அன்புமணி பழைய பியட் ஒன்று வாங்கினான். மோட்டார் பம்ப் பட்டறையில் ஃபோர்மேன் அவன். கேட்டவுடன் சரி என்றான். சத்தி வழியாகப் போனால் மலையும் வயலும் பார்த்தபடியே போகலாம் என்றும் சொன்னான். சிக்கல், அந்த வழி நெடுக அவனுக்குச் சொந்தம் இருந்ததுதான். ஊருக்குள் புகுந்து வீட்டுக்குப் போகாமல் வந்தால் தலைமுறைக் குற்றம். அன்னூர் மாமா ஒருதரம் ஓடுகிற பஸ்ஸில் இவர்களைக் கண்டுவிட்டார். இறங்காமல் போனார்கள் என்று மகள் ஷீபாவின் ஞானஸ்நானத்துக்கே வரவில்லை. வராததோடு, வரமாட்டேன் என்பதை ஆள் விட்டும் சொன்னார். சரி, வீட்டுக்குத்தான் போவோமென்றால், காபி வரும், பிறகு கோழியைத் துரத்துவார்கள். "போயிட்டு வாரோமுங்க" என்று எழுந்தால் உட்கார வைப்பார்கள், வாசல் வரை போனாலும் மறுபடி உட்கார வைப்பார்கள், பொழுது போய்விடும்.

ஆகவே அன்புமணி காக்கிச் சட்டையும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு டாக்சிக்காரன் ஆனான். மெர்சியும் ஷீபாவும் பின்சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டார்கள்.

இப்படித்தான் மெர்சி கொங்கு நாட்டைப் பார்த்தாள். அன்னூர் என்பது ரப்பர் மிதியடி. புளியம்பட்டி என்பது காரை விற்றவர் விட்டுப்போன பீடித்துண்டு. சத்தியமங்கலத்தில் மலை தெரிகிறது என்று அன்புமணி முன்னாலிருந்து சொல்லக் கேட்டாள். ஊர் தாண்டியதும் நிமிரலாமா என்று கேட்டதற்கு, தோட்டத்துச் சாளை வீடுகளிலெல்லாம் நம் ஆள் இருக்கிறது, இரு என்றான். கோபியின் பச்சை வயல்கள் வாசனையாக மட்டும் உள்ளே வந்தன. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. வீட்டில் இருந்திருந்தால் ஜன்னலாவது இருந்திருக்கும்.

கோபி தாண்டும்போது கார் நின்றது. சாலையோரம் கை காட்டி நின்றவர் பழனியாத்தாள், அன்புமணியின் பெரியம்மா. அவனை வளர்த்தவர். அவர் கையைத் தூக்கினால் அவன் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும்.

"ஏனுங் டிரைவரு, பவானிக்குப் போகுங்களா?" என்றவர் உற்றுப் பார்த்தார். "அன்பு! நீ எப்பக் கண்ணு டாக்சி ஓட்டப் போனே?" பிறகு பின்சீட்டை எட்டிப் பார்த்தார். "இவங்க ஏன் கீழ கெடக்கறாங்க?"

ஷீபாவின் தோடு விழுந்துவிட்டது, தேடுகிறார்கள் என்று அன்புமணி வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஷீபா கெட்டிக்காரி. சட்டென்று ஒரு தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பெரியம்மா பின்னால் ஏறிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அங்கே பார் அம்மணி, இங்கே பார் அம்மணி என்று கவுந்தப்பாடி வரை தேடவைத்தார். கடைசியில் ஷீபாவே பொறுக்கமாட்டாமல் 'கண்டுபிடித்தாள்'.

பெரியம்மாவின் சம்பந்தி சின்னான் பவானியில் போன வாரம் இறந்திருந்தார். துக்கம் விசாரிக்கத்தான் பெரியம்மா புறப்பட்டிருந்தார். நல்ல சமயத்துக்கு வந்தீங்க, நீங்களும் வாங்க என்றார். வரவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பெண்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தில் மெர்சிக்குச் சுவரோரம் இடம் கிடைத்தது. சின்னானின் மனைவி பாவாத்தாள் அழுத முகத்தை நிமிர்த்தி, "இப்பத்தான் வாரீங்களா?" என்றார். இந்தப் பக்கம் ஒரு சித்தி, அந்தப் பக்கம் ஒரு அத்தை. கதவு வழியாக ஆற்றுக்காற்று வந்தது. வாசலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஆறு நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. மெர்சியின் முழங்கால்மேல் பெரியம்மாவின் கை இருந்தது.

வெயில் படியிறங்கியதும் அவளையறியாமல் எழுந்துவிட்டாள். "போயிட்டு வா..." என்று நாக்கு தொடங்கியும் விட்டது.

பெரியம்மா வெடுக்கென்று கையைப் பிடித்தார். "எழவூட்ல அதையச் சொல்லக் கூடாதம்மணி. ஆருகிட்டயும் சொல்லாம எந்திரிச்சுப் போயிரோணும்."

தெரிந்த வழக்கம்தான். ஆனால் அதன் அருமை மெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது. கொங்கு நாட்டில் எங்கே போகிறாய் என்று கேட்காமல் விடுகிற ஒரே வீட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் கூடாது.

கூடுதுறைப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். எது பவானி, எது காவிரி என்று தெரியவில்லை. அவள் இழுத்த கோடுகள் அங்கே இல்லை. எல்லாம் ஒரே தண்ணீராகக் கணுக்காலைச் சுற்றிப் போனது. துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் தலை தூக்கினாள்.

"ஏனுங், ஆரூட்டுக்கு வந்தீங்க?"

"ஆரூட்டுக்கும் இல்லீங்க."

அந்தப் பெண் துணியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். மெர்சி இருட்டும் வரை நிற்க நினைத்தாள். சற்று நேரம்தான் நின்றாள். தெருமுனையில் பியட் ஹாரன் அடித்துவிட்டது.

எழவு வீட்டுக்குப் போனவர்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், அது என் வீட்டில்தான், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பெரியம்மா முடிவு செய்திருந்தார். கார் கோபிக்கே திரும்பியது.

"ஆத்துல நமக்கு ஆரிருக்கறா?" என்றார்.

"ஆருமில்லீங்க அத்தை," என்றாள் மெர்சி.

அவர் அதை மென்றுகொண்டே வந்தார். கவுந்தப்பாடி கடைவீதியில் கார் மெதுவானது. பெரியம்மா சரேலென்று சீட்டுக்குக் கீழே சரிந்தார்.

"எம்பட நாத்தனா நிக்கறா. குனி அம்மணி, தோட்டைத் தேடு."

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். மெர்சியின் முந்தானையைப் பெரியம்மா கீழிருந்து இழுத்தார். மெர்சி குனியவில்லை. கடை விளக்கில் நின்ற அந்த அம்மாள் காருக்குள் பார்த்தார், மெர்சியின் முகத்தை நேராகவே பார்த்தார், யாரோ என்று திரும்பிக்கொண்டார்.