பிளவின் குறுக்கே கட்டிய காப்புக் கயிறு

வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சியின் காலடியில் என்னோடு உட்காரும் சகோதரிகளே,

எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. என் குழந்தைக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் குழந்தை இல்லை, பாறை.

நான் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். வாழ்க்கைப்பட்ட இடம் வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு கல்குவாரி. என் வீட்டுக்காரர் அங்கே மேஸ்திரி. பாறையை உச்சியிலிருந்து படி படியாக வெட்டிக்கொண்டே இறங்க வேண்டும் என்பது அவர் கட்சி. காண்டிராக்டரின் அவசரத்தில் ஆட்கள் அடியிலேயே குடைந்துகொண்டு போய்விட்டார்கள். மேல்பாறை தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நின்றது. அதன் முதுகில் ஒரு பிளவு. பெய்கிற மழையெல்லாம் அதற்குள்தான் இறங்கியது. கீழே ஆணும் பெண்ணுமாகக் கல் உடைத்தார்கள்.

காண்டிராக்டரிடம் இவர் சொல்லிப் பார்த்தார். "எங்க அப்பன் காலத்துலேர்ந்து நிக்கிற பாறைய்யா. நீ வந்தவொடனே உழுந்துடப் போவுதா?" என்று சிரித்தாராம்.

வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லலாமா? சொன்னால் நாளைச் சோற்றுக்கு என்ன வழி? சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? மாற்றி மாற்றி யோசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அனுப்பி வைப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மனம் தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். சன்னிதியில் நின்று அழுதேன். "அம்மா, அவரைக் காப்பாற்று. நான் என்ன செய்யவேண்டும் என்றாவது காட்டு." வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. குங்குமத்தோடு ஒரு மஞ்சள் காப்புக் கயிறு கிடைத்தது.

அதை அவர் மணிக்கட்டில் கட்டப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்கும்மா காப்பு? பாறைக்குக் கட்டு. உழுந்துடப் போறது அதுதான்."

கிண்டலாகத்தான் சொன்னார். சொன்னவர் சட்டென்று கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் பிளவுக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடித்து, நடுவில் கயிற்றை விறைப்பாகக் கட்டிவிட்டார். "பிளவு அகண்டா கயிறு சொல்லிடும்" என்றார்.

சாமி கயிற்றைக் கல்லில் கட்டினால் குற்றம் ஆகாதா? கேட்கவும் தைரியம் இல்லை.

சில நாள் கழித்து, ஒரு முற்பகல். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். கயிறு அறுந்துவிட்டதென்று அவர் எல்லாரையும் குழியிலிருந்து மேலே ஏற்றியிருந்தார். காண்டிராக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"ஆடு மேயற எடம்யா இது! ஆடு கடிச்சிருக்கும். அதுக்குப் போயி வேலைய நிறுத்துவியா?"

"ஆடும் காமாட்சிக்கு வேண்டிக்கினு இருக்குதோ என்னமோ" என்றாள் கல் உடைக்கும் முனியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த கயிற்றைப் பார்த்துத் தயங்கினார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் அதை வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் தறியில் இழை அறுந்தால் அப்பா முதலில் நுனியைத்தான் பார்ப்பார். எலி கடித்த நுனி மொட்டையாக இருக்கும். இழுப்புத் தாங்காமல் அறுந்தது மெலிந்து, சிலும்பி, பிரி பிரியாக நிற்கும்.

ஆம்பளைகள் பேசுகிற இடம். நான் பேசலாமா? நினைப்பு முடிவதற்குள் வாய் பேசிவிட்டது.

"ஏங்க, இது கடிச்சது இல்லீங்க. இழுபட்டு அறுந்திருக்குது. நுனி எப்படி சிலும்பிக்கினு இருக்குது, பாருங்க."

"நெசவுக்கார வூட்டுப் பொண்ணு பாறைக்கு நாடி பாக்குது!" என்றார் காண்டிராக்டர். பிறகு இவரிடம், "சாப்பாட்டு வேளை முடியற வரிக்கும் குந்தட்டும். அப்பறமும் பாறை நின்னுதுன்னா நீ வேற வேலை பாத்துக்கோ மேஸ்திரி."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். எனக்கு வேண்டக்கூடத் தெரியவில்லை. பாறை விழாவிட்டால் என் வாயால் அவர் வேலை போய்விடும். விழட்டும் என்று கேட்கவோ மனம் வரவில்லை. "அம்மா, உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். முதலில் சரளை சரசரவென்று உதிர்ந்தது. அப்புறம் தரை அதிர்ந்தது. குழந்தை வீரிட்டது. தூசு அடங்கியபோது, எல்லாரும் உட்கார்ந்து கல் உடைத்த இடம் தெரியவே இல்லை. சம்மட்டிகளும் கூடைகளும் அடியில் போய்விட்டன. மனிதர்கள் நாங்கள் மரத்தடியில் இருந்தோம்.

காண்டிராக்டர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முனியம்மா என் கையைப் பிடித்தாள். "தாயீ, அந்தக் கயித்தக் குடும்மா. கண்ணுல ஒத்திக்கிறேன்."

இன்று அந்தக் குவாரியில் அடியைக் குடைவதில்லை. படி விட்டு வெட்டுகிறார்கள். மழைத்தண்ணீர் விலகி ஓட உச்சியில் கால்வாய் எடுத்திருக்கிறார்கள். மழை விட்டதும் மேலிருந்து கடப்பாரையால் தட்டி, ஆடுகிற கல்லையெல்லாம் தள்ளிய பிறகுதான் கீழே ஆள் இறங்கலாம். புதுப் பிளவு கண்டால் காண்டிராக்டரே சொல்லியனுப்புகிறார்: "மேஸ்திரி, வூட்ல கயிறு வாங்கியாரச் சொல்லுய்யா."

காப்பாற்றியது அம்பாளா, வெறும் நூலா என்று இப்போதும் சில நேரம் யோசிக்கிறேன். என் சுபாவம் அப்படி. ஆனால் என்ன செய்யவேண்டும் என்று காட்டச் சொல்லிக் கேட்டவள் நான்தானே. சின்ன வயதிலிருந்து நான் பார்த்துப் பழகிய நூலிலேயே அவள் காட்டினாள்.

சகோதரிகளே, பயம் வந்தால் அவளிடம் போய் அழுங்கள். அழுதபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் கிடைத்ததை நன்றாகப் பாருங்கள். அன்று என் விருப்பப்படி அந்தக் கயிறு அவர் மணிக்கட்டிலேயே இருந்திருந்தால், அதுவும் அவரோடு கல்லுக்கு அடியில் போயிருக்கும்.