கதவில் ஒரு கையளவு

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நீலம் பூசிய மரக்கதவு. அதன் உட்பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், கையளவு இடத்தில் மட்டும் பெயிண்ட் சுரண்டப்பட்டு வெறும் மரம் தெரிந்தது. நான் முன்பு வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். நூலகத்தின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் உண்டு. அதன் பொறுப்பு இப்போது அவருடையதாம். இந்தக் கதவைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்று சொன்னார்களாம், சாயங்காலம் பேசலாமா என்று கேட்டிருந்தார். சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சமையலறையில் நின்றாலும் முற்றத்தில் நின்றாலும் எனாமல் பெயிண்ட் வாசனைதான் அடித்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு வேறென்ன வேலை, உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பெயிண்ட் வாசனை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் லயம். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. யாராவது வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அம்மா சுண்ணாம்பு வாளியைத் தூக்கிவிடுவாள். தோட்டத்தை நடத்துகிற துரை லயம் பார்க்க வந்தாலும் சரி, வட்டகொடையிலிருந்து மாமா சும்மா எட்டிப் பார்க்க வந்தாலும் சரி, சுவர் பளிச்சென்று இருந்தாக வேண்டும். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது கதவுக்கு வான நீலம் பூசினோம். காயாத பெயிண்ட் மாப்பிள்ளையின் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அந்தச் சம்பந்தம் அமைந்துவிட்டது. அடுப்புப் புகை படிந்த சுவரை வெளியாள் ஒருவர் பார்த்துவிட்டால் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அம்மாவிடமிருந்து எனக்கு நிறம் வரவில்லை, முடி வரவில்லை, இந்தக் குணம் மட்டும் அச்சு மாறாமல் வந்தது.

படித்து முடித்து நூலக உதவியாளராகச் சேர்ந்தேன். ஞாயிறு இரவு ஊரில், திங்கள் விடிகாலை ரயிலில், மற்ற நாட்கள் போர்டிங்கில் என்று வாழ்க்கை ஓடியது. எங்கள் நூலகர் ஒரு சிங்கள ஐயா, நல்ல மனுஷன். மலைக்கு மேலே அத்தனை சனம் இருக்கும்போது நூலகம் மலைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தால் எப்படி என்பது அவருடைய கவலை. அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு வேனில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குப் போவோம். இரண்டு மூன்று மாணவர்களும் வருவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்து முன்னால் மேசை போட்டு, 'வாசகர் வட்டம்' என்று பதாகை கட்டுவோம். பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் சனம் திரண்டு வரும். எல்லார் கையிலும் ஒரு விண்ணப்ப ஃபோம் இருக்கும். அடையாள அட்டைக்கு, சேமலாப நிதிக்கு, பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு. "கத பொறவு வாசிங்க தங்கச்சி, மொதல்ல இத நெரப்பிக் குடுங்க" என்பார்கள். ஒரே ஞாயிறில் நான் நாற்பது ஃபோம் நிரப்பினேன், ஒரு கதைகூட வாசிக்கவில்லை. நூலகர் அறிக்கையில் 'வாசகர் பங்கேற்பு மிகத் திருப்தி' என்று எழுதினார். அதுவும் பொய்யில்லை.

பிறகு அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. கீழ்த்தளம் சும்மா கிடக்கிறது, தோட்ட மக்களின் சாமான்களை வைத்து ஒரு கண்காட்சி செய்வோம் என்றார். வீட்டில் உள்ள பழைய பொருள் ஏதாவது கொண்டுவாருங்கள், கதையைச் சொல்லுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்கிறோம் என்று அறிவித்தோம். அடுத்த ஞாயிறு வந்த பொருட்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவர் கடையில் அப்போதுதான் வாங்கிய குடையைக் கொண்டுவந்தார். ஓர் அம்மா பெட்டி பிரிக்காத கண்ணாடிக் குவளைகளை நீட்டினார். "பழசுதான் வேணுங்க" என்றேன். "யுனிவர்சிட்டிக்கு யாராச்சும் பழசக் குடுப்பாங்களா" என்று அவர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். போர்டிங்கில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்றைக்கு உண்மையிலேயே பழையதைக் கொண்டுவந்தவர் பாக்கியம் அக்கா ஒருவர்தான். ஐம்பது வயது இருக்கும், கொழுந்து எடுப்பவர். நான்கு பேர் தோளில் ஒரு கதவைச் சுமந்துகொண்டு படி இறங்கி வர, இவர் முன்னால் "மெதுவா, மெதுவா" என்று கையை ஆட்டிக்கொண்டே வந்தார். மண் சரியும் இடம் என்று அவர்கள் லயத்தை உடைக்கப்போகிறார்கள், புது வீட்டுக்கு வேறு கதவு வந்துவிட்டது. "இத விட்டா வெறகுக்குத்தான் போடுவாங்க. உங்க கிட்ட இருந்தா பத்திரமா இருக்குமுல்ல" என்றார். இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அதற்குள் யாரோ ஃபோமை நீட்ட, மிச்சக் கதையைக் கேட்டு எழுதும்படி ஒரு மாணவியிடம் விட்டுவிட்டுத் திரும்பினேன்.

மிச்சக் கதை இதுதான். அக்காவின் வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், பெட்டிகளுக்குக் கறுப்பு மையால் எழுத்துப் போடுகிறவர். பிள்ளை பிறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மையைக் கொஞ்சம் சிரட்டையில் கொண்டுவந்து, கதவின் உட்பக்கத்தில் பேரும் கிழமையும் நேரமும் எழுதுவாராம். மூன்று பிள்ளைகள். மூன்றாவது பதினோரு நாள்தான் இருந்தது. பிறப்பைப் பதிவு செய்வதற்குள் போய்விட்டது. அந்தப் பிள்ளை பிறந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்து அந்தக் கதவில்தான் இருந்தது. எழுதியவரும் அதற்குச் சில வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்காகத்தான் அக்கா கதவை எங்களிடம் தந்தார். மாணவி இதையெல்லாம் எழுதித் தந்தாள். அந்தத் தாளைக் கோப்பில் வரிசையாகச் செருகியது நான். வாசிக்கவில்லை. நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வருகிற வியாதி இது, அடுக்குவோம், வாசிக்க மாட்டோம்.

கண்காட்சி திறக்க நான்கு நாள் இருந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த கதவைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளிப்பக்கம் சேறு, உட்பக்கம் முப்பது வருஷத்து அடுப்புக் கரி. உபவேந்தர் வருவார், பேராசிரியர்கள் வருவார்கள், எங்கள் ஆட்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா. உண்மையைச் சொன்னால் எங்கள் ஆட்களை அல்ல, என்னை நினைப்பார்களோ என்றுதான் பயந்தேன். என் காசில் ஒரு டின் வான நீலம் வாங்கினேன். சும்மா பூசினேனா, அதுவும் இல்லை. சோடாத் தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் மரம் வெளுக்கத் தேய்த்து, கீறல்களைப் புட்டி வைத்து அடைத்து, அதற்குமேல் இரண்டு தடவை. கரியோடு கரியாக என்ன போகிறது என்று நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நூலகர் வந்து பார்த்துவிட்டு "ஹரி ஷோக்" என்று சிங்களத்தில் மெச்சினார். அன்றைக்கு அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளும் மெச்சியிருப்பாள்.

அடுத்த ஞாயிறு தோட்டத்து ஆட்களை பஸ் வைத்து அழைத்து வந்தோம். எல்லாரும் கோயிலுக்குப் போகிற சேலையில், கையில் சோற்றுப் பார்சலோடு இறங்கினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். நூலகர் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் சப்பாத்தைக் கழற்றினார். பாக்கியம் அக்கா தன் மகள் சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கதவு இருந்த மூலைக்கு வந்தார்.

"இது என் கதவா?"

"ஒங்களோடதுதாங்க அக்கா. நல்லா இருக்குங்களா?"

கதவைச் சுவரோடு சாய்க்காமல் தள்ளி நிறுத்தியிருந்தோம், அக்கா பின்பக்கம் போனார். உள்ளங்கையை நீலத்தின்மேல் வைத்து மேலும் கீழும் தடவினார். பிறகு ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கனதான்" என்றார்.

சாந்திதான் எனக்குச் சொன்னாள். "அப்பா எழுதுனதுங்க. நாங்க மூணு பேரும் பொறந்தது. தங்கச்சி பேரு அங்க மட்டுந்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாருங்க பூசுனது?"

"நான்தான்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாக்கியம் அக்கா தடுத்தார். "அவளக் கேட்டு என்ன செய்ய. நாலு பேரு வர்ற எடம், கரியோட வைக்க முடியுமா. நானா இருந்தாலும் பூசித்தான் இருப்பேன்."

திட்டியிருந்தால் ஒரு மன்னிப்புக் கேட்டுத் தப்பித்திருப்பேன்.  புத்தகம் கட்டும் அறைக்கு ஓடிப் போய் பிளேடுகள் எடுத்துவந்தேன். அவர் காட்டிய இடத்தில் மூன்று பேரும் சுரண்டினோம். நீலம் சுருள் சுருளாக வந்தது, அதற்குக் கீழே புட்டி, அதற்குக் கீழே வெள்ளை மரம். ஒரு புள்ளி மைகூட இல்லை. எவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"போதும் புள்ள, மரம் தேஞ்சிரும்" என்று அக்கா என் கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டார். "எனக்கு மனப்பாடம். நான் போயிட்டா யாருக்குத் தெரியும், அதுக்குத்தான் குடுத்தேன். எழுது, சொல்றேன்."

நூல் பட்டியல் அட்டை ஒன்றை எடுத்தேன். செல்வராஜ், ஞாயிற்றுக்கிழமை, விடியக்கருக்கல். சாந்தி, வெள்ளிக்கிழமை, காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடப் பெரட்டுத் தப்படிக்கிற நேரம். தெய்வானை என்று தொடங்கி மூன்றாவது வரியையும் சொன்னார், அதையும் எழுதினேன். அட்டையைக் கதவின் பக்கத்தில் ஒட்டினேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. மகளை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். "ஒன் எழுத்து சின்னதா இருக்கு. அவரு எழுத்து பெரிசு" என்றார். பிறகு எல்லாரும் புல்வெளியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். தன் பார்சலில் பாதியை எனக்குத் தந்தார், சாப்பிட்டேன்.

பஸ் போன பிறகு கோப்பைத் திறந்து பார்த்தேன். 'உட்பக்கத்தில் மூன்று பிள்ளைகளின் பிறப்பு விவரம், கணவர் கையெழுத்தில்' என்று மாணவி எழுதியிருந்தாள். மற்றக் கதையெல்லாம் இருந்தது, எந்தப் பேர், எந்தக் கிழமை, எந்த நேரம் என்று மட்டும் எழுதவில்லை. படமும் எடுத்திருந்தோம், வெளிப்பக்கத்தை மட்டும்.

அதன்பிறகு எனக்கு மேல்மாடிக்கு மாற்றம் வந்தது. நூலகர் ஓய்வு பெற்றார், வேன் பழுதாகி நின்றது, வாசகர் வட்டமும் நின்றது. அருங்காட்சியகத்துக்கு மூன்று மொழியில் அச்சடித்த பெயர்ப் பலகைகள் வந்தன. ஒரு பொருளுக்கு ஒரு மொழியில் ஒரு வரிதான் இடம். 'தோட்டக் குடியிருப்பின் கதவு' என்று போட்டார்கள். என் அட்டை எங்கே போனதென்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்ததால் கேட்கவில்லை. பாக்கியம் அக்கா இறந்த செய்தி ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு வந்தது. சாந்தி கொழும்புக்குப் போனாள் என்றார்கள், அதற்குமேல் தெரியாது. லயம் இருந்த இடத்தில் இப்போது மானாப்புல் மண்டிக் கிடக்கிறது.

சாயங்காலம் அந்தத் தம்பி பேசினார். நல்ல மரியாதையான பிள்ளை. நானுஓயாப் பக்கம், தோட்டத்தில் பிறந்தவர்தானாம்.

"மேடம், அந்த எடத்துல மட்டும் பெயிண்ட் போயிருக்கு. அதே நீலம் தேடி வாங்கிட்டேன். தொட்டு விட்டுரட்டுங்களா? வர்ற கிழம வெளியாளுங்க வர்றாங்க, பாக்க ஒரு மாதிரி இருக்கு."

"பூசாதீங்க தம்பி" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. பிறகு நடந்ததை எல்லாம் உங்களுக்குச் சொன்னமாதிரியே அவருக்கும் சொன்னேன். "ஒரு பேனா எடுங்க. பெயர்ப் பலகையில எடம் இல்லன்னா பக்கத்துல ஒரு அட்டை வைங்க" என்றேன்.

எடுத்தார். செல்வராஜைச் சொன்னேன், ஞாயிறு, விடியக்கருக்கல். சாந்தியைச் சொன்னேன், வெள்ளி, பெரட்டுத் தப்பு. அவர் ஒவ்வொன்றையும் திருப்பி வாசித்துக் காட்டினார்.

"மூணாவது தெய்வானை. செவ்வாய்க்கிழமை."

"நேரம், மேடம்?"

வாயைத் திறந்தேன். பாக்கியம் அக்கா சொன்னார், நான் என் கையால் எழுதினேன், சாந்தி இரண்டு தடவை வாசித்தாள். காலையா, அந்தியா, மழை நேரமா என்று எவ்வளவோ தடவிப் பார்த்தேன். வரவில்லை. 

"அந்த எடத்த அப்படியே விட்டுருங்க" என்றேன்.