எந்தக் கையில்?

அம்மாவுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. வைகாசியில் வடுகபட்டியில் அவள் தம்பி மகளுக்குக் கல்யாணம். அந்தப் பந்தியில் உட்கார்ந்து தன் கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். தை மாதம் வந்த பக்கவாதம் காலை விட்டுவிட்டது, பேச்சை விட்டுவிட்டது, வலது கையை மட்டும் எடுத்துக்கொண்டது.

பழனிசெட்டிபட்டியில் இருந்த எங்கள் வீட்டுக்கு போடியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் ஒரு பிசியோதெரபிப் பெண் வந்தாள். அம்மா முன்பு கடைக்கு ஏலக்காய் தரம் பிரித்தவள் என்று தெரிந்ததும், தட்டு நிறைய ஏலக்காயைக் கொட்டி, பெரிசு இந்தக் கிண்ணம், சிறிசு அந்தக் கிண்ணம் என்று பொறுக்க வைத்தாள். இடது கையைத் துணிப்பையில் நுழைத்து நாடா கட்டிவிடுவாள்.

"என்னத்தா, திருடியக் கட்டுற மாதிரி கட்டுற?"

"இந்தக் கைதாம்மா திருடி. சும்மா விட்டா வலது கையோட வேலையெல்லாம் திருடிக்கிரும்."

அம்மா சிரிப்பாள். வலது விரல்கள் ஏலக்காயைத் தொடும், நழுவவிடும், தொடும், நழுவவிடும். வீடே மணக்கும்.

இரண்டு மாதம் போனதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஏலக்காய் பொறுக்கவைக்க ஓர் ஆளுக்குத் தினமும் காசு கொடுக்க வேண்டுமா? "இனி நாங்களே பாத்துக்கிறோம்" என்றேன்.

"ஆரம்ப மாசங்கள்லதான் கை சொன்னதைக் கேக்கும் சார். டாக்டரும் சொன்னாகள்ல? யாராச்சும் பக்கத்துலயே உக்காரணும்."

தலையாட்டினேன். புரிந்ததுபோல் தலையாட்டுவது என் அலுவலகப் பழக்கம். வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் வேலைக்குப் போய்விட்டால் பக்கத்தில் உட்கார யாரும் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

காலையில் தட்டையும் பக்கத்தில் துணிப்பையையும் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தால் கிண்ணங்கள் நிறைந்திருக்கும், ஒரு காய் தப்பாமல். பூரித்துப்போய்ப் படமெடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "எந்தக் கையில சார்?"

நான் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அம்மாவிடம் கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அதனால் கேட்கவில்லை.

சித்திரையில் ஒருநாள் மதியமே வீடு திரும்பினேன். அம்மாவின் வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல. இடது கை தட்டில் பறந்துகொண்டிருந்தது. அம்மா நிமிர்ந்தாள்.

"ஏலே, இன்னைக்கி சீக்கிரம் வருவேன்னு சொல்லலையே."

"ஏம்மா இப்படி?"

"நீதான் தட்டப் பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்த."

அன்றே அந்தப் பெண்ணை அழைத்தேன். வந்தாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். "செய்வோம் சார். முன்ன மாதிரி வேகமா வராது" என்றாள். வரவில்லை.

கல்யாணத்துக்குப் போனோம். இலை போட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து வந்து கூப்பிட்டார்கள். அம்மா சேலைத் தலைப்பால் வலது கையை மூடிக்கொண்டு, "எனக்குப் பசிக்கல. நீ போயிச் சாப்புடு" என்றாள்.

நான் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பசித்தது.