கபிலன் அண்ணைக்குப் போட்ட இரும்பு

கடலில் நின்ற ஒருவனை நான் மூழ்கடித்தேன். பிறகு அவனுடைய பெயரை வேறொருவனுக்கு வைத்து, இவன்தான் அவன் என்று என் நண்பனிடம் கொடுத்தேன். நண்பன் நம்பினான். இன்றும் நம்புகிறான்.

பொலிசில் போய்ச் சொல்லக்கூடிய குற்றமில்லை இது. நடந்தது ஒரு கைத்தொலைபேசி விளையாட்டுக்குள். உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள்... ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிற வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். அதனாலோ என்னவோ, எழுத்தில் எதைக் கண்டாலும் எனக்கு விளங்கிவிட்டது என்று எண்ணுகிற ஒரு குணம் என்னிடம் உண்டு. நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் குணம்தான் வேர்.

நண்பன் நிரோஜன், மயிலிட்டிக் கடற்கரைப் பொடியன். தகப்பன் இல்லை. என்னோடு படித்தவன். அந்த விளையாட்டில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே படை. படையை நகர்த்துவது அவன் வேலை. யாருக்கு என்ன கவசம் என்று தெரிந்தெடுப்பது என் வேலை.

அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது. ஈட்டிக்காரர் முன்னுக்கு நின்று அடி வாங்குகிறவர்கள், அவர்களுக்கு முழு இரும்பு. வில்லாளருக்குத் தோல், இரும்பைப் போட்டால் கை தூக்க முடியாது. குதிரைக்காரருக்குச் சங்கிலிச் சட்டை. மந்திரவாதியின் உடம்பில் உலோகம் பட்டால் மந்திரம் செத்துவிடும், ஆகவே துணி அங்கி மட்டும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒரேயொருவனுக்கு மட்டும் நிரோஜன் என்னைக் கவசம் தெரிந்தெடுக்க விட்டதில்லை. அவன் வள்ளக்காரன். படையில் கடலில் நிற்கிறவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு நிரோஜன் தன் தமையனின் பெயரை வைத்திருந்தான். கபிலன்.

கபிலன் அண்ணை மெய்யாகவே கடலுக்குப் போனவர். ஒருநாள் வள்ளம் மட்டும் வந்தது. வலை மடித்தபடி இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் இருந்தது. அண்ணை இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

சொந்தக்காரர் சிலகாலம் பொறுத்திருந்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். கீரிமலைத் தீர்த்தக்கரைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியையைச் செய்து, அந்த ஆத்துமாவைக் கரையேற்றி விடு என்று. செய்யவேண்டியவன் நிரோஜன்தான். அவன் போகவில்லை. மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது போனைக் காட்டி என்னிடம் மட்டும் சொன்னான்.

"மச்சான், இதுக்கை இருக்கிற அண்ணை இன்னும் நிக்கிறார். இவர் எண்டைக்குக் கவிழுறாரோ அண்டைக்கு நான் கீரிமலைக்குப் போறன். அதுவரைக்கும் ஆரும் என்னட்டைக் கேக்கக்கூடாது."

"விசரே உனக்கு?" என்றேன்.

"ஓம் எண்டு வை."

அதற்குப் பிறகு நான் அதைப் பைத்தியம் என்று பகிடி பண்ணியதில்லை.

சில மாதங்களில் அவனுடைய அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் கூட இருக்கவேண்டியதாயிற்று. போகும்போது என் தோளைப் பிடித்து, "படையைப் பார். அண்ணையையும் பாத்துக்கொள்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பாத்துக்கொள்... அந்தச் சொல்லை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்று இப்போது பாருங்கள்.

நாங்கள் தோட்டக்காரர். புகையிலைக் கன்றை நட்ட கையோடு ஓலைத்துண்டால் மறைப்புக் குத்துவோம். மூடிவிட்டால் பிழைக்கும். ஒன்றைப் பாத்துக்கொள்வது என்றால் எங்களுக்கு அதை மூடுவதுதான். கபிலன் அண்ணையின் கவசக் கட்டம் வெறுமையாக இருந்ததைக் கண்டதும் எனக்கு நெஞ்சு சுட்டது. இவ்வளவு பாசம் வைத்தவன் இவரை இப்படி வெறும் மேலோடு விட்டிருக்கிறானே என்று நினைத்தேன்.

உச்சி வெயில். கிணற்றடிப் பூவரசின் கீழ் இருந்தேன். அப்பா சாப்பிடப் போய்விட்டார். தோட்டத்தில் ஒரு காகம்கூட இல்லை. இருந்ததில் எது நல்ல இரும்போ, ஈட்டிக்காரர் தலைவனுக்கென்று வைத்திருந்த இரும்பு, அதை எடுத்து அண்ணைக்குப் போட்டேன். அவருடைய காப்புப் புள்ளி மளமளவென்று ஏறியது. எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புவீர்களா?

பிறகு அவரை ஒரு கட்டம் நகர்த்தினேன். ஆழ்கடலுக்கு.

எதிரி இல்லை. அம்பு இல்லை. வள்ளம் மெதுவாகத் தாழ்ந்தது. அவர் எழும்பி நின்றார். பாரம் தாங்காமல் மூழ்கினார் என்று ஒரு வரி வந்தது. தண்ணீர் மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கிணற்றுக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பாரமான ஒன்று. எட்டிப் பார்த்தேன்... தண்ணீர் அசையவில்லை. என் முகம்தான் தெரிந்தது, ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அந்த விளையாட்டில் திரும்பிப் போக வழி கிடையாது. விழுந்தவன் விழுந்தவன்தான்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? நிரோஜனுக்கு எடுத்து, நடந்துபோச்சு, என்னை மன்னி என்று சொல்லியிருக்கவேண்டும். அவன் அழுதிருப்பான். என்னோடு கோபித்திருப்பான். பிறகு கீரிமலைக்குப் போயிருப்பான். எல்லாம் முடிந்திருக்கும். இதை எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

நான் புதிதாக ஒரு வள்ளக்காரனைச் சேர்த்தேன். பெயர்க்கட்டத்தில் கபிலன் என்று அடித்தேன். ஏற்கவில்லை. இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்று காட்டியது. இருந்தார் என்றில்லை... இருக்கிறார்.

மூழ்கியவர்களின் பெயரையும் அது வைத்திருக்கும் போலும். நான் படித்தவன் அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயரின் முடிவில் ஒரு இடைவெளி விட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெறும் இடம். ஏற்றுக்கொண்டது.

பழையவரிடம் இருந்த தரமும் புள்ளிகளும் புதியவனிடம் இல்லை. அவற்றையும் உண்டாக்கினேன். ஈட்டிக்காரரை இரும்போடு முன்னே விட்டு அடி வாங்கவைத்து, இவனைப் பின்னால் நிறுத்தி வெற்றியை இவன் கணக்கில் சேர்த்தேன். நிரோஜன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எல்லாம் பழையபடி இருந்தது.

அவன் முதலில் பார்த்தது கவசக் கட்டத்தைத்தான்.

"அப்பாடி. நீ ஒண்டும் போடேல்லை. எனக்கு அங்கை இருக்கேக்கை ஒரே யோசினை, தோட்டக்காரன் எதையாவது போட்டுக் கொழுவி விட்டிடுவானோ எண்டு."

"ஏன்... போட்டால் என்ன?"

"என்னடா கேள்வி? கடலுக்குப் போறவன் வெறும் மேலோடைதான் போவான். விழுந்தால் நீந்தவேணும். பாரம்தான் ஆளைக் கொல்லுறது, கடல் இல்லை. உங்கடை அப்பா சேட்டுக்கு மேலை சேட்டுப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிற ஆள், உனக்கு உது எங்கை விளங்கப்போகுது?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

சில நாள் கழித்து அவன் சொன்னான், அண்ணைக்கு ஒரு இடம் பிடிக்கவில்லை என்று. எந்தப் பக்கம் அனுப்பினாலும் அந்த வள்ளம் ஒரு கட்டத்தை மட்டும் விலத்திச் சுற்றிப் போகிறது. நான் பார்த்தேன். அதே கட்டம்தான். கீழே ஏதோ கிடந்து வழியை மறிக்கிறது, அதனால் சுற்றுகிறது என்று என் படிப்பு சொன்னது. கீழே என்ன கிடக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நிரோஜனின் அம்மாவுக்குத் திரும்பவும் மூச்சு வருத்தம் கூடியபோது நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். நிரோஜன் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான். மத்தியானம். அறை முழுக்க வெளிச்சம். அம்மா என்னைக் கிட்ட வரச்சொன்னா.

"தம்பி, நீ படிச்ச பிள்ளை. உன்னட்டை ஒண்டு கேக்கிறன், என்னை விசரி எண்டு நினைக்காதை."

"சொல்லுங்கோ அம்மா."

"கபிலன் முந்திக் கனவிலை வருவான். நனைஞ்சுபோய் வருவான். வந்து ஒண்டும் கதைக்கமாட்டான், ஆனா என்ரை பிள்ளைதான் எண்டு தெரியும். இப்ப கொஞ்சக் காலமா வேறை ஒருத்தன் வாறான். வாசல் படலையிலை நிக்கிறான். அதே முகம், அதே உயரம். உடம்பிலை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை."

நான் கட்டில் விளிம்பில் இருந்தேன்.

"கபிலன் எண்டு கூப்பிடுறன். திரும்பிறான். ஆனா உடனை திரும்பிறான் இல்லை தம்பி. பேரைச் சொல்லி முடிய ஒரு வெறும் இடம் கிடக்கு. அதுக்குப் பிறகுதான் திரும்பிறான். ஆரோ அவன்ரை பேரோடை வந்து நிக்கிறான். என்ரை பிள்ளை எங்கை போனான்?"

அந்த விளையாட்டைப் பற்றி அவவுக்கு ஒன்றும் தெரியாது. பெயரின் பின்னால் நான் விட்ட இடைவெளி இந்த உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும்.

"நிரோஜனுக்குச் சொல்லு, கிரியையைச் செய்துவிடச் சொல்லு. உன்ரை சொல்லைத்தான் அவன் கேப்பான். என்ரை பிள்ளையைக் கரையேத்தச் சொல்லு."

"ஓம் அம்மா" என்றேன். நிரோஜன் தேத்தண்ணியோடு வந்தான். நான் சொல்லவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. நீங்களும் இதற்குள் யோசித்திருப்பீர்கள். புதியவனுக்கும் இரும்பைப் போட்டு ஆழத்துக்கு அனுப்பினால் போதும். நிரோஜன் தன் வாக்குப்படி கீரிமலைக்குப் போவான். கட்டத்தைத் திறந்தேன், இரும்பின் மேல் விரலை வைத்தேன்... எடுத்துவிட்டேன். இரும்பு போட்டது ஆர் என்று அவன் கேட்பான். கவசம் தெரிந்தெடுக்கிறவன் நான் ஒருவன்தானே.

அம்மாவின் பிள்ளை கரையேறாமல் கிடப்பதைவிட, நிரோஜன் என்னை அந்தக் கேள்வியோடு பார்ப்பது எனக்குப் பெரிதாகப்பட்டது. இதுதான் நான். என் கோழைத்தனத்துக்கு வேறு பெயர் தேடி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

இந்த ஆடி அமாவாசைக்கு நிரோஜன் என்னைக் கீரிமலைக்குக் கூப்பிட்டான். ஆசையோடு போனேன். தானாகவே மனம் மாறிவிட்டான் என்று எண்ணினேன். ஊரெல்லாம் தீர்த்தமாடிக்கொண்டிருந்தது. பிண்டம் கரைக்கிறவர்கள் வரிசையாக நீருக்குள் நின்றார்கள். அவன் உடுப்புக்கூட மாற்றவில்லை. ஒரு கல்லில் இருந்துகொண்டு போனை எடுத்தான்.

"அம்மாக்கு ஏலாமல் போகுது மச்சான். நான் நினைச்சுப் பாத்தன்..." கடலைப் பார்த்துக்கொண்டு கதைத்தான். "நான் என்ரை கையாலை ஒண்டும் செய்யமாட்டன். ஆனா கவசம் தெரியிறது நீதானே. இண்டைக்கு அண்ணைக்கும் நீயே தெரி. எதை வேணுமெண்டாலும் போடு. நான் ஏன் எண்டு கேக்கமாட்டன்."

போனை என் கையில் வைத்தான். கவசக் கட்டம் திறந்திருந்தது.

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கு விளங்கியது. நான் பயந்த கேள்வியையே அவன் எடுத்து ஒருபக்கம் வைத்துவிட்டான். எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் இவன் மூழ்கினால், நிரோஜன் நீருக்குள் இறங்கிக் கரையேற்றப்போவது யாரை? இடைவெளி விட்ட பெயருக்குரியவனையா? உண்மையைச் சொல்லாமல் இவனை அமிழ்த்தினால், அந்தக் கட்டத்தின் அடியில் என் இரும்போடு கிடக்கிறவருக்குக் கிரியை போய்ச் சேருமா? சொல்லவேண்டியது இப்போதுதான், இந்தக் கல்லில் இருந்தபடிதான் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"ஒண்டும் வேண்டாம்" என்றேன். "அண்ணை வெறும் மேலோடையே நிக்கட்டும்."

நிரோஜன் என் முகத்தைப் பார்த்தான். ஆறுதலா, ஏமாற்றமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போனை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"சரி. அப்ப வீட்டை போவம்."

அவன் முன்னால் நடந்தான். சனத்துக்குள் அவனைத் தவறவிட்டுவிடுவேன் என்று பயந்து, நிரோஜன் என்று கூப்பிட்டேன்.

பெயரைச் சொல்லி முடித்தேன். அதன் பிறகு ஒரு வெறும் இடம்... அதற்கும் பிறகுதான் அவன் திரும்பினான்.