டிஸ்க்கில் துரு: நான் சொன்ன பாதி பதில்

1. முதல் மழை

விழுப்புரம் பைபாஸில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் நான் சர்வீஸ் அட்வைசர். மெக்கானிக்குக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நின்று இருவரிடமும் திட்டு வாங்குவது என் வேலை. சேர்ந்த முதல் ஐப்பசியில், இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலையில் ஏழுமலை வந்து நின்றார். ஒலக்கூர் பக்கம் மல்லாட்டையும் கரும்பும் பயிர் செய்பவர். கார் வாங்கி நாலு மாதம்.

“மெக்கானிக் யாராவது இருந்தா கூப்புடும்மா” என்றார்.

“என்கிட்டயே சொல்லலாம் சார்.”

“பழைய வண்டிய பாலிஷ் போட்டு என் தலைல கட்டிட்டீங்க. சக்கரத்துக்குள்ள பாரு, செக்கச்செவேல்னு துரு ஏறிக்கினு இருக்குது.”

பிரேக் டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பேட் கவ்விப் பிடிக்கும் பக்கத்தில் பெயின்ட் அடிக்க முடியாது. ஓர் இரவு நனைந்தாலே காலையில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும். ஓட்டிப் போய் நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் பேட் அதைத் துடைத்துவிடும். சொன்னால் நம்ப மாட்டார் என்று தெரிந்தது. அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பிரேக்குக்குக் கரகரவென்றது. ஐந்தாவதுக்குச் சத்தமே இல்லை. இறங்கிக் குனிந்து பார்த்தார். டிஸ்க் எவர்சில்வர் தட்டு போல் இருந்தது.

“இவ்ளோதானா?” என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

2. நல்ல பெயர்

மழைக்காலம் முழுக்க இதே புகார்தான். முதலில் ஒவ்வொருவருடனும் டெஸ்ட் டிரைவ் போனேன். பிறகு ஷெட் வாசலில் நின்றே சொன்னேன். அதற்கும் பிறகு போனில். “மழைல அப்டித்தான் சார், நாலு பிரேக் புடிங்க, போயிடும்.”

எங்கள் வொர்க்ஸ் மேனேஜர் மற்ற அட்வைசர்களிடம் என்னை உதாரணம் காட்டினார். பிரேக் புகார் குறைவாக வருவதாக ஒரு பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. புகார் குறையவில்லை, நான்தான் புகாரைப் பதியும் ஜாப் கார்டில் ஏற்றவில்லை. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3. டோல்கேட்

மூன்றாவது மழைக்காலத்தில் ஏழுமலை போன் செய்தார்.

“நாலு நாளா வண்டி கரகரன்னு சத்தம் போட்டுக்கினே இருக்குதும்மா.”

அவருக்கும் அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

“நானும் அதான் நெனச்சேன்” என்று வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அந்த கார் டோ வண்டியின் மேல் வந்தது. கூடவே அவரும் அவர் மனைவியும். அந்த அம்மாவுக்கு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் அன்றைக்குக் கண் ஆபரேஷன். திண்டிவனம் தாண்டியதிலிருந்தே கருகல் வாடை அடித்திருக்கிறது. டோல்கேட் வரிசையில் நின்றபோது முன்சக்கரத்திலிருந்து புகை வந்திருக்கிறது. அங்கிருந்தவர்கள் இறங்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள்.

மிச்சத்தை அந்த அம்மாதான் சொன்னார். “‘ஒண்ணுமில்லப்பா, மழைத் துரு, நாலு பிரேக் புடிச்சா பூடும்’னு புகைக்குள்ள குந்திக்கினு அவங்களுக்குப் பாடம் எடுக்குறாரு. நான்தான் கையப் புடிச்சி இழுத்தேன்.”

ஆபரேஷன் நாள் தவறிவிட்டது. மறுபடி நாள் கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று.

சக்கரத்தைக் கழற்றினோம். எனக்கு போன் செய்வதற்கு முன் அந்த வண்டி ஐந்து வாரம் மழையில் அசையாமல் நின்றிருக்கிறது. பேட்களைத் தாங்கும் கேலிப்பர் நகர்வதற்கான ‘பின்’ என்ற கம்பி துருவேறி இறுகிப்போய், உள்பக்க பேட் டிஸ்க்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது. பேட் தீர்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கில் பள்ளம் போட்டிருந்தது. “வண்டி எத்தனை நாள் நின்னுச்சு?” என்று போனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஏழுமலை கோபப்படவில்லை. “நீ சொன்ன மாதிரிதாம்மா புடிச்சேன். நாலு இல்ல, நாப்பது தடவ புடிச்சேன். போவல” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

4. ஜாப் கார்டு

“கஸ்டமர் கேர்லெஸ்னு எழுதிடுங்க மேடம்” என்றார் மேனேஜர். “சத்தம் வந்தும் ஓட்டியிருக்காரு. உண்மைதானே?”

உண்மைதான். நான் எழுதியது வேறு: ‘சத்தம் பற்றி வாடிக்கையாளர் போனில் தெரிவித்தார். தொடர்ந்து ஓட்டும்படி அட்வைசர் சொன்னார்.’ கீழே கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “உங்களுக்கு இது தேவையா?”

பழுதை சென்டரே சரிசெய்து கொடுத்தது. எனக்கு மெமோ கிடைத்தது.

வண்டியை எடுக்க வந்த அன்று ஏழுமலை தயங்கித் தயங்கி நின்றார். “ஒரு விசயம்மா. எங்க தெருவுல என்னுது போவ ஏழு காரு இருக்குது. மழைத் துருவுக்கெல்லாம் ஒர்க்‌ஷாப் போவாதீங்கன்னு எல்லாருக்கும் நான்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, ஜாக்கியும் எடுத்துக்கொண்டு போனேன். ஆறு கார்கள் சரியாக இருந்தன. ஏழாவது வண்டிக்காரர் சாவியே தரவில்லை. “வெறும் துருதானேங்க. இதுக்குப் போயி லீவு நாள்ல பேஜாரு பண்ணிக்கினு” என்றார். ஏழுமலை அரை மணி நேரம் கெஞ்சிச் சாவி வாங்கினார். ஓட்டிப் பார்த்தால், பிரேக் பிடித்ததும் வண்டி இடப்பக்கம் இழுத்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிரேக்கில் சத்தம் என்று போன் வந்தால் உடனே பதில் சொல்லாதீர்கள். எத்தனை நாள் நின்றது, எத்தனை நாளாகச் சத்தம், ஒரு பக்கம் இழுக்கிறதா, வாடை வருகிறதா என்று கேளுங்கள். நாலைந்து பிரேக்கில் போகாவிட்டால் ஓட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மழை நாளில் இத்தனை கேட்க நேரம் ஏது என்பார்கள். ஏழுமலை போன் செய்த அன்று எனக்கும் நேரமில்லைதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.