குரவையிட்ட பர்னர்

கோபம் வந்தால் நான் கொட்டகைக்குப் போய்விடுவேன். பாறசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகை. உள்ளே வட்டமாகத் தண்டவாளம் போட்டு, முழங்கை நீளத்தில் ஒரு நீராவி எஞ்சின் வைத்திருக்கிறேன். நிஜமாகவே தண்ணீர் கொதித்து நிஜமாகவே ஓடும். கரிக்குப் பதில் கேஸ். கோடு கோடாக வெட்டுப்போட்ட பித்தளைக்குழாய்தான் பர்னர். கொதிகலனுக்குள் படுத்துக்கொண்டு எரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன் கோயில் குளம் என்று போகாமல் இதென்ன கூத்து என்பாள் மனைவி. சொல்லட்டும்.

பர்னருக்குக் கேஸ் வரும் துளை தலைமுடி கனம்தான். அடைத்துக்கொண்டால் தின்னரில் ஊறப்போட்டு ஊதவேண்டும். நான் அவசரக்காரன், தையல் ஊசியை விட்டுக் குத்தினேன். துளை கோணிவிட்டது. அன்றிலிருந்து பற்றவைத்தால் ஒரே ஊளை. அதுவும் கல்யாண வீட்டில் பெண்கள் கூட்டமாக நாக்கைச் சுழற்றிக் குரவையிடுவதுபோல ஏறி, இறங்கி, நடுங்கி.

முதல் தடவை அதைக் கேட்டபோது அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவியின் அக்கா, அப்படியே நிமிர்ந்து பதில் குரவை இட்டாள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி குரவையிட்டால் இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டாள். விஷயம் தெரிந்ததும் என்னை வைதாள்.

"குரவை கேட்டா நாக்கு சும்மா கெடக்காதாக்கும். எனக்கென்ன தெரியும், ஒம்ம அடுப்பாக்கும் கூவுதுன்னு?"

என் மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காற்றுத் துவாரத்தைக் குறைத்தேன்; சுவாலை மஞ்சளாகிப் புகை கக்கியது. கூட்டினேன், ஊளையும் கூடியது. கடைசியில் வீட்டு டீ வடிகட்டியின் கம்பிவலையை வெட்டி, சுருட்டி, பர்னர் குழாய்க்குள் சொருகினேன். கப்சிப். கடையில் புது வடிகட்டி வாங்கும்வரை எல்லாரும் டீத்தூளை மென்று துப்பினார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை.

பிறகு மகளுக்கு நிச்சயம் வந்தது. பையனுக்கு வளைகுடாவில் வேலை, மறுவாரம் விமானம். அவனுடைய தாய்மாமா ஏற்கெனவே ஒரு தடவை நாள் சரியில்லை என்று தள்ளிப்போட்டவர். இந்தத் தடவையும் இரண்டு பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். எங்கள் ஆட்கள் தமிழ்ப் பஞ்சாங்கமும் பார்ப்பார்கள், மலையாளப் பஞ்சாங்கமும் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துவருகிற நேரத்தில்தான் மோதிரம் போடுவது. இன்றைக்கு மட்டுமில்லை, விமானம் ஏறும்வரைக்கும் ஒத்த நேரமே இல்லை, பையன் அடுத்த லீவுக்கு வரட்டும் என்றார் மாமா. அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. மகளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கப்போனேன்.

மகள் என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்: "அப்பா, நீங்க போயி எஞ்சினப் பத்த வையுங்க."

சபையில் அப்பன் இருந்தால் சண்டைதான் வரும் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை. எழுந்து கொட்டகைக்குப் போனேன். தண்ணீர் விட்டேன், கேஸைத் திறந்தேன், பற்றவைத்தேன்.

ஊளை! எத்தனையோ வாரம் வாயே திறக்காதிருந்த சனியன் அன்றைக்குப் பார்த்து அலறியது. பதறிப்போய் அணைப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரவை. அவளைத் தொடர்ந்து பந்தலிலிருந்த பெண்கள் அத்தனை பேரும். குரவை கேட்டதும் தவில்காரர் கெட்டிமேளம். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது பையன் மோதிரத்தைப் போட்டு முடித்திருந்தான். மாமா இரண்டு பஞ்சாங்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தார். குரவை எழும்பிய பிறகு தடுத்தால் அபசகுனம் என்று அவருக்கும் தெரியும். பாயசம் குடித்துவிட்டுத்தான் போனார்.

எல்லாரும் போனபின் மகள் கொட்டகைக்கு வந்தாள். மோதிரக் கையை நீட்டுகிறாள் என்று நினைத்தேன். மற்றக் கையைத்தான் விரித்தாள். உள்ளங்கையில் சுருண்ட டீ வடிகட்டி வலை. மாமா பஞ்சாங்கங்களோடு புறப்பட்டிருக்கிறார் என்று காலையில் பையன் போன் செய்தபோதே உருவி வைத்திருக்கிறாள்.

"இந்தாங்க அப்பா. இனி வேணும்னா போட்டுக்கிடுங்க."

என்னை வெளியே அனுப்பினாள் என்று நினைத்தேனே. அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

அந்த வலை இப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. பர்னரைப் பற்றவைத்தால் அக்கா இன்னும் அடுக்களையிலிருந்து பதில் குரவையிட்டுவிட்டு, பிறகு வைகிறாள்.