அமாவாசைக்கு விடுமுறை விட்ட ஸ்பெஷல் கிளாஸ்

வேலூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு அறிவியல் ஆசிரியராக வந்த புதிதில் எனக்கு ஒரே வேகம். ஜூனில் சேர்ந்தேன், ஆகஸ்டிலேயே, அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பான பதினோராம் வகுப்புக்குச் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். அமாவாசை அன்று மட்டும் விடுமுறை. எங்கள் வீட்டில் அது விரத நாள். ஊரெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெண் மட்டும் ஒருநாள்கூட வரவில்லை. பகல் வகுப்பிலும் கடைசி பெஞ்சில் தூங்கி வழிவாள். அரையாண்டில் அறிவியலில் பதினெட்டு மார்க். அரசுத் தேர்வுக்கு யாரை அனுப்பலாம், யாரை நிறுத்தலாம் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, ‘அக்கறை இல்லாதவள், அனுப்ப வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கண்டிப்பான வாத்தியார் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

அதே ஜூனில் என்னோடு சேர்ந்தவர் கணக்கு டீச்சர். ஊரை ஒட்டிய ஓரிக்கைப் பக்கத்து விவசாயக் குடும்பம், என் வயதுதான். ஓர் அமாவாசைக்கு மறுநாள் காலை, மணி அடிக்கும் முன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து சாயங்காலம் உங்க ரூம் வாசல்ல அந்தப் பொண்ணு நின்னுக்கினு இருந்துச்சி சார். ஒவ்வொரு அமாவாசையும் வந்து பூட்டைப் பாத்துட்டுப் போவுதாம்.”

“மத்த நாள்ல வராதவ அன்னிக்கு எதுக்கு வர்றா?”

“அன்னிக்குத்தான் வர முடியும். அவங்க வீட்ல அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டாங்க. நெசவுக்காரங்க ஊர்ல அமாவாசைக்கு லீவு வுட்டுட்டு, மீதி நாளெல்லாம் ஏன் வரலன்னு கேட்டா எப்படி சார்?”

“அவ வீடு எங்க இருக்கு?” என்றேன்.

அன்று மாலை அவருடன் சின்ன காஞ்சிபுரத்திலிருந்த அந்த வீட்டுக்குப் போனேன். தறியில் அப்பா, அவர் பக்கத்தில் என் மாணவி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இழைக்கு இழை இரண்டையும் கோத்து நெய்ய வேண்டும்; ஒரு ஆள் கையால் ஆகாது. பகலில் அம்மா உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுகிறார். பள்ளி விட்டதும் அவர் அடுப்புக்குப் போக, மகள் உட்காருகிறாள். விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்க முடியாது.

“சைன்ஸ் சாரா? இந்தக் கரை தானா ஓடற மாதிரி ஒரு மிஷின் பண்ணிக் குடுங்க சார். நாளைக்கே அனுப்பிடறேன்” என்றார் அப்பா, கை நிற்காமலே.

“மிஷின் வர்ற வரைக்கும் நாங்க வர்றோம் அண்ணே” என்றார் டீச்சர். “கை ஓடட்டும். காது சும்மாதான இருக்குது?”

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து கணக்குக் கேட்கத் தொடங்கினார். பூட்டிய என் அறையின் படியில் அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாடா போய்வர அவள் பதில் சொன்னாள். ஒன்று தப்பாகப் போனதும் அப்பா தறியை நிறுத்திவிட்டு, “யோசிச்சி சொல்லும்மா” என்றார்.

திரும்பும் வழியில், உங்களுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று டீச்சரைக் கேட்டேன்.

“ஒருத்தி ஃபெயிலானாலும் எனக்குச் சோறு எறங்காது சார். வியாதி மாதிரி.”

அந்த வியாதி எனக்கும் வேண்டும் என்று அந்த நிமிஷமே ஆசை வந்தது.

மறுநாள் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். “நான் எழுதினது தப்பு சார். அவ பேரைச் சேத்துடுங்க.”

“பதினெட்டு மார்க்குய்யா. நம்ம ரிசல்ட் கெட்டுப்போனா?”

“என் பேரைச் சொல்லிடுங்க சார்.”

“நீ வந்து எட்டு மாசம்கூட ஆவல. உன் பேரை வெச்சிக்கினு நான் என்ன பண்றது?” என்றபடியே பட்டியலில் அவள் பெயரை எழுதினார்.

வராந்தாவில் டீச்சர் நின்றிருந்தார். பாராட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். “மின்சாரப் பாடம் எது வரைக்கும் நடத்தியிருக்கீங்க சார்? இன்னிக்கு நீங்க அரை மணி, நான் அரை மணி” என்றார்.

தேர்வு வரை அப்படியே போய்வந்தோம். அறிவியலில் அவள் இரண்டு மார்க்கில் தப்பித்தாள். கணக்கில் எழுபது. அந்த எழுபதை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமைதான்.